நீள லென்ஸ் உள்ளே வரக்கூடாது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் கொழும்பில் ஒரு விளையாட்டரங்கின் வாசலில் எனக்கு வந்த கோபம் வேறு வகையானது. யாரைத் திட்டிப் பேசுவதென்று தெரியாத கோபம் அது. எதிரில் நின்ற பெண்ணில் பிழை இல்லை. அறிவித்தல் பலகையைப் பேசலாமென்றால், யோசிக்க யோசிக்க அதிலும் ஒரு நியாயம் தெரிந்தது. கடைசியில் என்னையே பேசிக்கொண்டு உள்ளே போனேன்.

லென்ஸ் கழற்றி மாட்டுகிற கமராக்களும் நீள லென்ஸுகளும் உள்ளே வரக்கூடாது என்று மூன்று மொழியிலும் அந்தப் பலகை சொன்னது. படம் எடுக்கக்கூடாது என்கிற பலகை எனக்குப் புதிதில்லை. வன்னியில் இராணுவ முகாம் வேலிகளில் அதைப் பார்த்துப் பழகிய கண்தான் என்னுடையது. அங்கே கமராவைக் கண்டால் அவர்களுக்கும் பயம், கமராவோடு நிற்கிற எங்களுக்கும் பயம். ஒரு பந்து விளையாட்டுக்கு என்ன பயம் என்றுதான் முதலில் எனக்கு விளங்கவில்லை.

கமரா என்னிடம் வந்து கனகாலம் இல்லை. வவுனியாவில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை, நெளுக்குளத்தில் வீடு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் உடுப்புத் தோய்க்கிறது என்று இருந்தவள் நான். வெளிநாட்டில் இருக்கிற தம்பி தனக்குப் புதிது வாங்கியதும் பழைய கமராவையும் முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். "சும்மா கிடக்குது, நீ குருவிகளை எடு" என்றான். குருவிகள் என்னோடு ஒத்துழைக்கவில்லை. லென்ஸைத் திருப்பிச் சரிபார்க்க முதல் பறந்துவிடும். மனிசர் ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று கொஞ்சமாவது ஊகிக்கலாம். அப்படித்தான் மைதானங்களுக்குப் போகத் தொடங்கினேன்.

எங்கள் பக்கத்து மைதானங்களில் கமரா கொண்டுவருகிறவருக்குத் தடை கிடையாது, உபசாரம்தான். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தருவார்கள். சோடா வரும். "அக்கா பீரங்கியோடை வந்திட்டா, இண்டைக்கு ஒழுங்கா விளையாடுங்கோடா" என்று ஒருவன் சத்தம் போடுவான். கோல் அடித்தவன் கூட்டாளிகளைக் கட்டிப்பிடிக்க முதல் என்னிடம் ஓடி வந்து, "அக்கா, படத்திலை விழுந்ததோ?" என்று கேட்பான். விழவில்லை என்றால் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் மெமரி கார்ட் மாற்றி முடிக்கும்வரை பெனால்டி அடிக்காமல் காத்து நின்றார்கள். நடுவரும் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். இப்படிப் பழகியவளுக்கு, விளையாட்டைப் படம் எடுக்க அனுமதி வேண்டும் என்பது கனவிலும் வரவில்லை.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் முல்லைத்தீவுப் பக்கம், நாயாற்றில் இருக்கிறாள். என்னைவிட மூத்தவள். அத்தான் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். அவர் இல்லை என்று யாரும் அவளுக்கு வந்து சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அதனால் அக்கா இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள். திவசம் செய்வதில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு பெண்பிள்ளை. அப்போது இடுப்பில் இருந்தவள். தகப்பனின் முகம் அவளுக்கு நினைவில்லை.

முகத்தைக் காட்டுவதற்குப் படமும் இல்லை. கலியாணப் படங்கள் ஓர் அல்பத்தில் இருந்தன. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அக்கா அதைச் சாரத்தில் சுற்றித் தூக்கிக்கொண்டு திரிந்தாள். கடைசி இடத்தில், இராணுவத்தின் கண்ணில் பட்டால் அதில் நிற்கிற ஆட்களால் என்ன கரைச்சல் வருமோ என்று பயந்து, பதுங்குகுழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு வந்தாள். பிறகு போய்த் தேடியபோது அந்த இடமே அடையாளம் தெரியவில்லை. பிரதி வைத்திருந்த சொந்தக்காரர்களும் எங்களைப் போல ஓடியவர்கள்தான். யாரிடமும் ஒன்றும் மிஞ்சவில்லை.

அத்தான் ஊர்க் கழகத்துக்கு உதைபந்து விளையாடியவர். இடது பக்கத்தால் ஓடுவார். சும்மா ஓடும்போது எல்லாரையும் போலத்தான். பந்து முன்னால் போய், அதை இன்னொருவனும் துரத்துகிறான் என்றால் மட்டும் அவருடைய இடது தோள் சரிந்து, அந்தக் கை நெஞ்சோடு மடிந்துவிடும். ஒரு பக்கத்தில் தண்ணீர் வாளி தூக்கியவர்போல இருக்கும். கலியாணம் பேசிய நாட்களில் நாங்கள் சின்னதுகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். "மாப்பிள்ளை வாளியோடை ஓடுறார்" என்றால் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

பிள்ளை பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடத் தொடங்கியபோது அக்கா ஒருநாள் பார்க்கப் போனாள். பிள்ளை பந்தைத் துரத்தினாள். தோள் சரிந்தது, கை மடிந்தது. அக்கா எழும்பி மைதானத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். தலை சுற்றுகிறது என்று சொன்னாளாம். அதன் பிறகு அவள் ஒரு மைதானத்துக்கும் போகவில்லை. மகள் விளையாடுவது தாய்க்குப் பிடிக்கவில்லை என்றுதான் ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒன்றிரண்டு தரம் அதற்காக அவளைப் பேசியும் இருக்கிறேன்.

பிள்ளை கெட்டிக்காரி. பள்ளிக்கூடம் முடிந்ததும் கொழும்பில் ஒரு கழகம் அவளை எடுத்தது. விளையாடுவதையே தொழிலாகக் கொண்ட பெண்களின் கழகம். தங்குவதற்கு விடுதி, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்களுடையது. போன கையோடு தலைமயிரைக் கழுத்துக்கு மேலே கட்டையாக வெட்டிக்கொண்டாள். அக்கா அதற்கு ஒரு கிழமை கதைக்காமல் இருந்து பார்த்தாள். பிறகு தானே போன் எடுத்துக் கதைத்தாள்.

ஒருநாள் பிள்ளை போனில் தாயிடம் சொல்லியிருக்கிறாள். "அம்மா, எங்கடை கோச் சேர் என்ரை ஓட்டத்தைத் திருத்துறார். தோள் ஒண்டு சரியுதாம், அதாலை வேகம் போகுதாம். கண்ணாடிக்கு முன்னாலை மெசினிலை ஓட விடுறார். கொஞ்சநாளிலை நிமிர்ந்திடுவன்."

"நல்லது பிள்ளை. சேர் சொல்லுறபடி செய்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு உடனே எனக்குப் போன் எடுத்தாள்.

"உன்ரை கமராவாலை ஓடுற ஆளை எடுக்கலாம்தானே?"

"எடுக்கலாம் அக்கா."

"தூரத்திலை நிண்டும்?"

"அதுக்குத்தானே அந்த லென்ஸ்."

"அப்ப எனக்கு அவள் ஓடுறதை எடுத்துத் தா. அவையள் அவளை நிமித்த முதல்."

அவள் ஏன் மைதானங்களுக்குப் போவதில்லை என்கிற விசயம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை. சாமான் வாங்கச் சொல்கிறவள்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "முகம் வேண்டாம். முகம் என்ரை முகம்தான். எனக்கு அந்தத் தோள் வேணும். பின்பக்கத்தாலையோ பக்கவாட்டிலையோ எடு. மைதானத்திலை நிண்டு என்னாலை பார்க்கேலாது. படமெண்டால் எனக்கு வேணுமான நேரம் பார்ப்பன், போதுமெண்டால் வைப்பன்."

"நான் அவளிட்டைச் சொல்லி வைக்கட்டே?"

"சொல்லாதை. சொன்னால் எனக்காக வேணுமெண்டே சரிஞ்சு ஓடுவாள். சேர் வெளியிலை இருத்திப்போடுவார். அவள் நேராய்த்தான் ஓடவேணும்."

இத்தனை வருசம் பிள்ளை முற்றத்தில் ஓடித் திரிந்தபோது ஏன் ஒருவரும் ஒரு படம் எடுக்கவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். தினம் பார்க்கிறதை யார் எடுத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் எடுத்தவையெல்லாம் கோப்பையோடு வரிசையில் நிற்கிற படங்கள். ஓடாமல் நிற்கிற பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருப்பாள்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். பிள்ளை விடுமுறையில் வந்து நின்றபோது நாயாற்று மணலில் லென்ஸைப் பூட்டிக்கொண்டு, "எங்கை, ஒருக்கா ஓடு பார்ப்பம்" என்றேன். ஓடினாள். முகம் நிறையச் சிரிப்பு, மயிரை ஒதுக்குகிறது, கமரா எங்கே என்று திரும்பிப் பார்க்கிறது. "சின்னம்மா, வடிவா வந்ததே?" என்று கேட்டாள். வடிவாகத்தான் வந்தது. தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. முன்னால் பந்தும் பக்கத்தில் அதைப் பறிக்க ஓர் ஆளும் இல்லாமல் அந்தத் தோள் சரியாது. உண்மையான ஆட்டம்தான் வேண்டும்.

ஆட்டம் பார்க்கப் போவதாகச் சொன்னபோது பிள்ளைக்குப் பெரிய சந்தோசம். வவுனியாவில் விடிய ரெயில் எடுத்தேன். கமராப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். அரங்கத்து வாசலில் பெண்களுக்குத் தனி வரிசை. மேசைக்குப் பின்னால் சீருடையில் ஒரு பெண் நின்றாள். எனக்கு முன்னால் போனவர்களின் பைகளை வெளியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகவிட்டாள். அதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வன்னிச் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சீருடையோடு ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்றால் எங்கள் கை தானாகப் பையைத் திறக்கும். அவர்கள் கேட்க முதல் காட்டிவிட வேண்டும். ஒளித்து வைத்தாய் என்ற கதை வரக்கூடாது. ஓமந்தையில் வெயிலில் நின்று நின்று கைக்கு வந்த பழக்கம். அங்கிருந்த சோதனைச் சாவடியை அகற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது, கைக்கு அது தெரியாது. என்னுடைய முறை வந்ததும் நான் பையைத் திறந்தேன். தண்ணீர்ப் போத்தல், சீப்பு, சோற்றுப் பார்சல், கமரா, பற்றரி, எல்லாவற்றையும் எடுத்து மேசையில் அடுக்கினேன். லென்ஸின் மூடியைக்கூடக் கழற்றி, உள்ளே ஒன்றும் இல்லையென்று காட்டி வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அடையாள அட்டை, படம் மேலே தெரிய.

அந்தப் பெண் அடையாள அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு லென்ஸைப் பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது. பின்னால் நின்ற மேலதிகாரியும் பார்த்துவிட்டார். அவர் பலகையைக் கையால் காட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

"இத ஏம்மா வெளியில எடுத்து வச்சீங்க?" என்றாள் அந்தப் பெண். மலையகத் தமிழ். "பைக்குள்ளயே இருந்திருந்தா நான் பாட்டுக்குத் தட்டிட்டு விட்டிருப்பேன். இப்ப பெரியவரு பார்த்துட்டாரு."

எனக்கு அந்த இடத்திலேயே தலையைச் சுவரில் மோதலாம்போல இருந்தது.

"என்ரை பெறாமகள்தான் உள்ளை விளையாடுறாள்" என்றேன். "அவளின்ரை தாய்க்கு ஒரு படம் வேணும். ஒண்டே ஒண்டு."

"எல்லாருக்கும் உள்ள யாராச்சும் இருக்காங்கம்மா" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. என் சோற்றுப் பார்சலைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "இந்தப் படமெல்லாம் எடுக்கிறதுக்கு ஆளுங்க காசு கட்டி உரிமை வாங்கியிருக்காங்களாம். அது ஒரு பக்கம். போன தடவ ஒருத்தன் இதே மாதிரி நீளமா ஒண்ணு கொண்டாந்தான். புள்ளைங்க குனியிறப்ப, விழறப்ப, சட்ட ஒதுங்கிறப்ப மட்டும் எடுத்து பேஸ்புக்ல போட்டுட்டான். ஒரு புள்ள இனிமே விளையாட வரமாட்டேன்னு இந்த வாசல்ல நின்னு அழுதுச்சு. அப்பறம்தான் இவ்வளவு கண்டிப்பு."

அப்படி ஒருவன் எங்கள் பிள்ளையை எடுத்திருந்தால் நான் அவன் கமராவைப் பிடுங்கி நிலத்தில் அடித்திருப்பேன். தூரத்தில் இருந்துகொண்டு, தெரியாமல், அவள் உடம்பில் ஒரு பகுதியை எனக்கு எடுத்துத் தா என்றுதான் அக்காவும் கேட்டிருந்தாள். எடுக்க வந்தவள் நான். மனசு வேறு, நோக்கம் வேறு. ஆனால் லென்ஸ் ஒன்றுதான். மேசைக்குப் பின்னால் நிற்கிறவள் லென்ஸைத்தான் பார்க்கலாம், மனசையா திறந்து பார்ப்பது? அவளில் எனக்கு நன்றிதான் வந்தது. அதேநேரம் ஆற்றாமையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வருமென்று அன்றைக்குத்தான் தெரியும்.

கமராவை அவள் தன்னுடைய துவாயில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு ஒரு இலக்கத் துண்டைத் தந்தாள். போனை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே எல்லார் கையிலும் போன். படம் எடுக்காத ஆளே இல்லை. மைதானத்தின் ஓரத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட சிலர் என்னுடையதைவிட இரண்டு மடங்கு நீளமான லென்ஸுகளோடு குந்தியிருந்தார்கள். ஒருவரிடம் போய்க் கெஞ்சிக் கேட்டாலென்ன என்று யோசித்தேன். அவர்கள் கோல் அடிக்கிறதை எடுப்பார்கள், கட்டிப்பிடிக்கிறதை எடுப்பார்கள், கோப்பையை எடுப்பார்கள். பந்து காலுக்கு எட்டாமல் போன ஓட்டத்தில் ஒரு தோள் சரிந்ததை எவர் எடுப்பார்? எடுக்காத படத்தை எவரிடமும் கேட்டு வாங்க முடியாது.

பிள்ளை இறங்கினாள். முதல் பாதி முழுக்க நிமிர்ந்து ஓடினாள். சேர் நல்லாய்த்தான் திருத்தியிருந்தார். பந்து அவளிடம் போனால் பக்கத்தில் இருந்த சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. தாங்க முடியாத அந்தரமாகவும் தவிப்பாகவும் இருந்தது. நான் மனசுக்குள் ஒரு பக்கம் "நேரா ஓடு பிள்ளை" என்கிறேன், இன்னொரு பக்கம் "ஒருக்கா, ஒரே ஒருக்கா சரிஞ்சு ஓடு" என்கிறேன்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். அவர்கள் ஒரு கோல் பின்னுக்கு. பிள்ளைக்குக் களைப்பு, தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது இடது பக்கத்தால் ஒரு நீளப் பந்து போனது. எதிர்ப்பக்கத்துப் பெண் முந்திவிட்டாள். பிள்ளை பாய்ந்தாள். ஓடி ஏழெட்டு அடி வைத்திருக்கமாட்டாள், இடது தோள் சரிந்தது. கை நெஞ்சோடு மடிந்தது. அக்கா ஏன் மைதானத்தை விட்டு எழும்பிப் போனாள் என்று எனக்கு அந்த நிமிசத்தில்தான் முழுசாக விளங்கியது. அத்தான் ஓடினார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் சிறுமியாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த அதே மனிசன் என் கண்ணுக்கு முன்னால் ஓடினார்.

போனைத் தூக்கி அமத்தினேன். முன்னால் இருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள். அமத்திக்கொண்டே இருந்தேன். பந்து வெளியே போய்விட்டது. பார்த்தால், எல்லாவற்றிலும் பிறரின் தலைகள். ஒன்றில் மட்டும் இரண்டு தலைகளுக்கு நடுவே, கடுகு அளவில், கலங்கிப்போய், ஓர் உருவம் சரிந்து ஓடுகிறது. அவ்வளவுதான் கிடைத்தது.

ஆட்டம் முடிந்து பிள்ளை கம்பி வேலிக்கு வந்தாள். தோற்றதைவிட அவளுக்கு வேறு ஒன்றுதான் கவலை.

"சின்னம்மா, கடைசியிலை பார்த்தனீங்களே? பழையபடி சரிஞ்சிட்டன். சேர் நல்லாப் பேசிப்போட்டார்."

"நான் கவனிக்கேல்லை பிள்ளை" என்றேன். "நீ நல்லாத்தான் ஓடினனி."

படத்தை அனுப்ப வேண்டாம், கொண்டுவந்து காட்டு என்று அக்கா சொல்லியிருந்தாள். அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி நாயாற்றுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் சாட்டுகளை அடுக்கிக்கொண்டு போனேன். வாசலில் மறித்ததையும், நான் முந்திக்கொண்டு எடுத்துக் காட்டியதையும் சொன்னேன். "நீ எப்பவும் இப்பிடித்தான்" என்றாள். பிறகு, "நானெண்டாலும் எடுத்துக் காட்டியிருப்பன்" என்றாள்.

போனை வாங்கி இரண்டு விரலால் பெருப்பித்தாள். பெருப்பிக்கப் பெருப்பிக்க உருவம் இன்னும் கலங்கியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல். கட்டைமயிர் ஒரு கறுப்பு. தோளும் கையும் மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தன.

"முகம் தெரியேல்லை அக்கா. என்ரை லென்ஸ் இருந்திருந்தால்..."

"உன்ரை லென்ஸ் இருந்திருந்தால் படத்திலை பிள்ளை வந்திருப்பாள்" என்றாள் அக்கா. கண்ணை எடுக்கவில்லை. "இது அவர்."

அவள் அதை முல்லைத்தீவில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். எங்கள் பக்கத்து ஸ்ரூடியோக்காரருக்கு யுத்தத்துக்குப் பிறகு ஒரு வேலை கைவந்துவிட்டது. கலியாணக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கிற ஒருவரின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, பின்னுக்கு நீல வானம் வைத்து, சுவரில் மாட்டுகிற படமாக்கித் தருவார்கள். யார், என்ன ஆனார் என்று கேட்கமாட்டார்கள். இவரும் கேட்கவில்லை.

"கோட் வேண்டாம்" என்றாள் அக்கா. "சட்டையிலை எழுத்து, நிறம் ஒண்டும் தெரியக்கூடாது. பின்னுக்கு ஆக்கள் வேண்டாம். கறுப்பு வெள்ளையிலை தாங்கோ."

"முகத்தைக் கொஞ்சம் துலக்கி விடட்டே அக்கா?"

"முகத்திலை கை வைக்காதேங்கோ தம்பி."

படம் சின்னதாகத்தான் வந்தது. அக்கா அதைச் சுவரில் மாட்டவில்லை. சாமிப்படங்களோடும் வைக்கவில்லை. அங்கே வைத்தால் பூ வைக்க வேண்டும், பூ வைத்தால் அவர் போய்விட்டார் என்றாகிவிடும். தன்னுடைய அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். சீலை எடுக்கத் திறந்தால் தெரியும். மூடினால் இல்லை.

அடுத்த பருவத்தில் கழகம் ஒவ்வொரு வீராங்கனையின் வீட்டாரிலும் ஒருவருக்குப் படம் எடுக்க அனுமதி அட்டை கொடுத்தது. எனக்கும் மஞ்சள் மேலங்கி கிடைத்தது. அதே வாசலால், அதே லென்ஸோடு, ராணிபோல உள்ளே போனேன். அந்த மலையகத்துப் பெண் என்னைக் கண்டு சிரித்தாள். "இப்ப பையத் தொறக்கவே வேணாம்மா" என்றாள். மைதானத்தின் ஓரத்தில் குந்தியிருந்து ஆட்டம் முடியும்வரை எடுத்தேன். ஒவ்வொரு வியர்வைத் துளியும் தெரிகிற படங்கள். பக்கவாட்டில், பின்பக்கத்தால், அக்கா கேட்டபடி எல்லாம். பந்தைத் துரத்துகிறாள், பக்கத்தில் ஆள் முந்துகிறது, களைத்துப்போயும் ஓடுகிறாள். தோள் சரியவில்லை. ஒரு படத்திலும் சரியவில்லை. அவள் அன்றைக்கு ஒரு கோல் அடித்தாள். நான் சந்தோசத்தில் அழுதேன் என்று பக்கத்தில் இருந்த படப்பிடிப்பாளர் நினைத்திருப்பார். பாதி அதுதான்.

அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். "வடிவு. இனி இவளை ஒருத்தரும் மறிக்கேலாது" என்றாள். உண்மையான சந்தோசத்தோடுதான் சொன்னாள். ஒன்றைத் தெரிவுசெய்து, சட்டம் போட்டு, முன்னறையில் மாட்டினாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

பிறகு பிள்ளை விடுமுறையில் வந்தாள். நானும் போயிருந்தேன். அக்கா குசினியில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குளிக்கப் போன பிள்ளை துவாய் தேடித் தாயின் அலுமாரியைத் திறந்திருக்கிறாள்.

"அம்மா, இது ஆர்?"

குரல் அறைக்குள்ளிருந்து வந்தது. பிறகு அவளே படத்தைக் கழற்றிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அது நீதான் என்று அவள் இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்து ஓடிப் பழகிய உடம்பு இப்போது அவளுடையது.

அக்கா கத்தியை வைக்காமலே சொன்னாள். "கொப்பர்."

"அப்பாவின்ரை படம் ஒண்டும் இல்லையெண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றாள்.

"ஒண்டு கிடைச்சது."

அவள் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். முகம் தெரிகிறதா என்று சரித்துச் சரித்துப் பார்த்தாள். பிறகு விரலால் அந்தத் தோளை, மடிந்த கையை, மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள். "எங்கடை சேர் கண்டால் பேசுவார்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"சின்னம்மா, அப்பா விளையாடினதை நீங்கள் பார்த்தனீங்கள்தானே. இப்பிடியோ ஓடுவார்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செதில் எடுக்கிற கை நின்றிருந்தது.

"ஓம் பிள்ளை" என்றேன். "அப்பிடியே இப்பிடித்தான் ஓடுவார்."

தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். நான் கையைக் கழுவிவிட்டு கமராவை எடுத்து வந்தேன். வாசல் வெளிச்சத்தில் ஒரு கதிரையில் அந்தப் படத்தைச் சாத்தி வைத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை அப்பாவின் படத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோனாள்.